அம்மா உட்கார்ந்து சாப்பிடும் நாள்

திருவல்லிக்கேணி வீடுகளில் பிறந்தநாள் என்றால் காலை பெருமாளுக்கு, மாலை ஹோட்டலுக்கு. பார்த்தசாரதி சுவாமி சன்னதியில் பெயர், நட்சத்திரம், ராசி சொல்லி அர்ச்சனை முடித்து, துளசியும் சடாரியும் வாங்கிக்கொண்டு குளக்கரைக்கு வருவதற்குள் ‘ராத்திரி எங்கே?’ என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். பையன் பஃபே என்பான். பெண், மொட்டைமாடி ரெஸ்டாரன்ட் ஒன்றின் படத்தை மொபைலில் காட்டுவாள். ‘ரத்னா கபேயில கிடைக்காத இட்லியா?’ என்பார் தாத்தா. அப்பா மனதுக்குள் பில்லைக் கூட்டிக்கொண்டிருப்பார். இத்தனை பேச்சிலும் கலந்துகொள்ளாதவர் ஒருவர் உண்டு. ‘எனக்கு எங்க போனாலும் சரி’ என்று சொல்லிவிட்டு, அம்மா செருப்பு விட்ட இடத்தைத் தேடிப் போய்விடுவார்.

அவர் சொல்வது உண்மைதான். எங்கே போனாலும் அங்கே அவர் உட்காரப் போகிறார்.

வீட்டுப் பிறந்தநாளை நினைத்துப் பாருங்கள். பாயசம், வடை, இரண்டு கறி, ஒரு கூட்டு, அப்பளம். விடியற்காலையில் உளுந்து ஊறப்போட்டவர், பந்தி நடக்கும்போது வாணலி முன்னால் நிற்பார். ‘சூடா ரெண்டு போடறேன், இருங்க’ என்று கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடந்தபடி இருப்பார். எல்லோரும் எழுந்த பிறகு அவர் உட்காரும்போது வடை ஆறியிருக்கும், பாயசம் கெட்டியாகியிருக்கும். சில வீடுகளில் அவருடைய சொந்தப் பிறந்தநாளிலும் இதுதான் வரிசை. குடும்பத்தோடு ஹோட்டலில் பிறந்தநாள் கொண்டாடுவதை ஆடம்பரம் என்று திட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செலவைப் பற்றி அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில், சூடாகச் சாப்பிடுவது வருஷத்தில் எத்தனை தடவை நடக்கிறது என்று அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

பிறந்தநாளே நம் வீடுகளுக்குள் இரண்டு வாசல் வழியாக வந்தது. ஒன்று பஞ்சாங்கம். மாதமும் நட்சத்திரமும் கூடுகிற நாள்தான் பிறந்தநாள்; அது ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு ஆங்கிலத் தேதியில் வரும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, கோயில், பாயசம் எல்லாம் அந்த நாளைச் சேர்ந்தவை. ஒரு வயது நிறைவு, அறுபது, எண்பது ஆகியவற்றுக்கு மட்டும் ஊரைக் கூட்டுவார்கள். அறுபதுக்குத் திருக்கடையூர் போய் வருவார்கள். நடுவில் உள்ள பிறந்தநாட்களைப் பெரிதாக யாரும் கொண்டாடியதில்லை.

இரண்டாவது வாசல் பள்ளிக்கூடம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக வந்தது 1969-ல். அதற்கு முன் பிறந்தவர்களில் எத்தனையோ பேருக்குத் தேதி என்பது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிக்கொண்டதுதான். வயதுக் கணக்குக்கு ஒத்துவரும்படி ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதி. தேதி நிலைத்த பிறகுதான் யூனிஃபார்ம் இல்லாமல் கலர் டிரஸ்ஸில் போகிற நாளும், வகுப்பில் ஆசை சாக்லேட் கொடுக்கிற வழக்கமும், கடைசியில் கேக்கும் வந்தன. இன்றும் பல வீடுகளில் இரண்டு பிறந்தநாளும் நடக்கின்றன. நட்சத்திரத்துக்குக் கோயில், தேதிக்கு ஹோட்டல். இரண்டும் ஒரே நாளில் கூடிவிட்டால் வீட்டில் ஒரே குதூகலம்.

சொல்லப்போனால், பிறந்தநாளை வாய்க்கு ருசியாகக் கொண்டாடுவதை இந்தப் பேட்டைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூலவர் மீசை வைத்த வேங்கடகிருஷ்ணன், உற்சவர் பார்த்தசாரதி. கிருஷ்ணன் பிறந்த ஸ்ரீஜயந்தி வந்தால் மாடவீதி வாசல்களில் மாக்கோலத்தில் குட்டிப் பாதங்கள் வரிசையாக உள்ளே போகும். சீடை, முறுக்கு, தட்டை, வெண்ணெய், திரட்டுப்பால் என்று ஊரே ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்காக அடுப்பு முன்னால் நிற்கும். அந்தக் குழந்தை பிறந்த மதுராவிலிருந்து வந்த ஒருவர்தான் 1948-ல் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கபேயைத் தொடங்கினார் என்பது என் மனதுக்குப் பிடித்த பொருத்தம். உத்தரப்பிரதேசத்துக் குடும்பம் ஒன்று, தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற சாம்பார் இட்லியை இந்த ஊருக்குத் தந்தது. அங்கே சாம்பாரைக் கிண்ணத்தில் அளந்து வைப்பதில்லை. தட்டில் இரண்டு இட்லி வந்து உட்காரும்; பின்னாலேயே பாத்திரத்தோடு சர்வர் வருவார்; இட்லி மூழ்கும்வரை ஊற்றுவார். ஸ்பூனால் வெட்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும் இடத்துக்கும் சாம்பார் இறங்கும். தீர்ந்தால் கையைத் தூக்கினால் போதும், மறுபடி ஊற்றுவார். பிறந்தநாளுக்கு ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்குத்தான் போக வேண்டும் என்று நினைப்பவர்கள், சனிக்கிழமை மாலை இங்கே தாத்தா, பாட்டி, பேரன் என்று மூன்று தலைமுறை ஒரு மேசையைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஹோட்டல் மேசை எல்லோருக்கும் ஆரம்பத்திலிருந்தே கிடைத்துவிடவில்லை. இந்தக் கதையில் நின்று பேச வேண்டிய இடம் இது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் சென்னையின் சைவ ஹோட்டல்கள் பலவற்றில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். ரயில் நிலையச் சிற்றுண்டி அறைகளிலும் அப்படித் தடுப்பு இருந்தது. தலித் மக்களுக்குப் பல இடங்களில் வாசலே கிடையாது. ‘ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவோம்’ என்று ஒரு குடும்பம் கிளம்பும் முன் ‘நம்மை உள்ளே விடுவார்களா, எங்கே உட்காரச் சொல்வார்கள்’ என்று யோசிக்க வேண்டியிருந்த காலம் அது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது பிரிவு, சாதியையோ மதத்தையோ காட்டிக் கடையிலோ பொது உணவகத்திலோ ஹோட்டலிலோ யாரையும் தடுக்கக் கூடாது என்று அந்த இடங்களின் பெயரைச் சொல்லியே எழுதியது. அவ்வளவு பெரிய சட்டப் புத்தகத்தில் ஹோட்டலுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது என்றால், சாப்பாட்டு மேசையில் எவ்வளவு அவமானம் பரிமாறப்பட்டிருக்க வேண்டும்!

சட்டம் வந்த பிறகும் பெயர்ப் பலகைகள் உடனே இறங்கவில்லை. 1957-ல் இதே திருவல்லிக்கேணியில், முரளி கபே வாசலில், பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கினார். ஒருநாள் கூத்தாக அது முடியவில்லை. மாதக்கணக்கில் தினமும் தொண்டர்கள் வந்து நின்றார்கள், நூற்றுக்கணக்கில் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கியது. இன்று இந்தப் பேட்டையில் எந்த ஹோட்டலுக்குள் நுழைகிறவரையும் யாரும் ‘நீங்க யாரு?’ என்று கேட்பதில்லை. ‘எத்தனை பேர் சார்?’ என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைச் சாதாரணமாக்க ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு என்பதைப் பிறந்தநாள் குழந்தைகளுக்கு எப்போதாவது சொல்லிவைக்கலாம்.

பெண்களின் கதை வேறு. குடும்பப் பெண் ஹோட்டலில் சாப்பிடுவதா என்ற பேச்சு வெகுநாள் இருந்தது. அதனால்தான் பழைய ஹோட்டல்களில் ‘ஃபேமிலி ரூம்’ என்று ஒன்று இருந்தது. திரை போட்ட சின்னத் தடுப்பு, உள்ளே நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி. அந்தத் திரைக்குள்தான் நம் பாட்டிகள் முதல் மசாலா தோசையைச் சாப்பிட்டார்கள். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, சமையலறை வேலையில் தொடங்கி முதலாளியான கே. கிருஷ்ணராவ் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் திறந்தார். பிறகு 1952-ல் மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸ். தோட்டமும் அறைகளும் கல்யாணக் கூடமுமாக, குடும்பத்தோடு வரத்தக்க இடம் என்ற பெயரை அந்த ஹோட்டல்கள் வாங்கின. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் வந்த பிறகு, பிறந்தநாள் என்றால் ஐஸ்கிரீம் என்று ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்குப் பதிந்துவிட்டது.

1962-ல் கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் திறந்தபோது பெண்களுக்கு இன்னொரு வசதி கிடைத்தது. மரநிழலில் கார் நிற்கும். தட்டு காரின் ஜன்னலில் வந்து மாட்டிக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்து யார் கண்ணும் படாமல் சாப்பிடலாம். இறங்கி நாற்காலி போட்டும் சாப்பிடலாம். கார் இல்லாதவர்கள் பஸ்ஸில் வந்து உள்ளே மேசையில் உட்கார்ந்தார்கள், யாரும் எழுந்து போகச் சொன்னதில்லை. 2008-ல் அது மூடப்பட்டது. அந்த இடம் 2010-ல் செம்மொழிப் பூங்காவானது. பூங்கா அழகாகவே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போது ‘என் பத்தாவது பர்த்டே இங்கதான்’ என்று வண்டியிலிருந்து கை காட்டுகிறவர்கள் சென்னையில் நிறைய.

அசைவக் குடும்பங்களுக்கு அண்ணாசாலையில் புஹாரி. இளமையில் கொழும்பில் இருந்து வந்த ஏ.எம். புஹாரி 1951-ல் தொடங்கியது. சிக்கன் 65-ஐ 1965-ல் முதலில் போட்டது தாங்கள்தான் என்பது அந்த ஹோட்டலின் பெருமை. வாலாஜா பள்ளிவாசல் பக்கத்து வீடுகளிலும் ஜாம்பஜார் சந்துகளிலும் பிறந்தநாள் விருந்துக்கு முதலில் நாவுக்கு வருகிற பெயர்களில் அது ஒன்று.

நட்சத்திர ஹோட்டல் நடுத்தரக் குடும்பத்தின் பேச்சுக்குள் வந்தது இதற்கெல்லாம் பின்னால்தான். நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல் 1974-ல் வந்தபோது அது வெளிநாட்டுக்காரரும் தொழிலதிபரும் போகிற இடம். டி.டி.கே. சாலையில் அடையாறு கேட், பிறகு பார்க் ஷெரட்டன் என்று பெயர்கள் மாறி நின்ற ஹோட்டலில் 1989-ல் ‘தக்ஷிண்’ திறந்தது. குட்டி இட்லியும் ஆந்திரப் பருப்புப்பொடியும் மலபார் மீன் குழம்பும் வெள்ளித் தட்டில் பரிமாறத் தக்கவை என்று அது காட்டியது. வீட்டில் தினமும் சமைப்பதையே பெரிய ஹோட்டலில் மரியாதையோடு கொண்டுவந்து வைத்தபோது, அதைச் சமைத்த பெண்கள் எத்தனை பேருக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியிருக்கும்! கடைசியில் கிரவுன் பிளாசா என்ற பெயரில் இருந்த அந்தக் கட்டடம் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. மூடும் நாட்களில் பழைய வாடிக்கையாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கடைசியாக ஒருமுறை சாப்பிட்டுப் போனார்கள்.

இப்போது பஃபே காலம். ராதாகிருஷ்ணன் சாலையில் ஒரு ஞாயிறு மதியம் பார்த்த மேசையைச் சொல்கிறேன். திருவல்லிக்கேணியிலிருந்து இரண்டு ஆட்டோவில் வந்த குடும்பம். பேரனுக்கு ஏழு வயது. நெற்றியில் காலையில் இட்ட ஸ்ரீசூர்ணம் கலையாமல் இருந்தது. கேக் வந்தது, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ‘விளக்கை வாயால ஊதி அணைக்கறதாவது’ என்றார் பாட்டி. ஒரு நிமிஷம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சர்வர் பையன் சட்டென்று, ‘பாட்டி, தம்பி ஊத வேணாம், கேக்கை மட்டும் வெட்டட்டும், மெழுகுவர்த்தியை நான் எடுத்துக்கறேன்’ என்று எரிகிறபடியே அதைக் கொண்டுபோய் ஓரத்தில் வைத்தார். பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் நான் கவனித்தது அம்மாவை. முதல் சுற்றில் அவர் எழுந்து போகவில்லை. பையன் தட்டில் பூரியும் நூடுல்ஸும் கலந்து கிடந்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாமியாருக்குத் தயிர்சாதம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வந்தார். கணவர் ‘நீ போய் எடுத்துக்கோயேன்’ என்று இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் தனக்கென்று ஒரு தட்டை எடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, தோசையைப் பிட்டு வாயில் வைத்தார். தோசைக்கல்லிலிருந்து நேராக வந்த தோசை. வேறு யாரோ வார்த்தது. அதன் பிறகு அவர் கொஞ்ச நேரம் யாரிடமும் பேசவில்லை, சாப்பிட்டார். முடிந்ததும் பழக்கதோஷத்தில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். ‘விடுங்கம்மா, நான் எடுத்துக்கறேன்’ என்றார் அதே சர்வர். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

செலவுக்கு வருவோம். வெளியே தனியாக இருக்கிற உணவகத்தில் சாப்பிட்டால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஓர் இரவு அறை வாடகை ரூ.7,500-க்கு மேல் போகிற ஹோட்டலுக்குள் உள்ள உணவகமானால் 18 சதவீதம். எட்டுப் பேர் சாப்பிடும் பில்லில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஒருவருக்கு இவ்வளவு என்று போனில் விலை கேட்கும்போதே வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிட வேண்டும். குழந்தைக்கு எந்த வயதிலிருந்து காசு, கேக்கை வெளியிலிருந்து கொண்டுவரலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை பில்லில் தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது; 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஹோட்டலில் எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிறந்தநாளும் அதுவுமாக என்ன தகராறு என்று அப்பாக்கள் கூச்சப்படுவார்கள். கூச்சப்படத் தேவையில்லை, மெதுவாகச் சொன்னாலே எடுத்துவிடுவார்கள். எடுக்கச் சொன்ன காசில் ஒரு பங்கை, மெழுகுவர்த்தியை அணைக்காமல் எடுத்துப்போன அந்தப் பையன் கையில் நேராகக் கொடுங்கள்.

திருவல்லிக்கேணியைப் பற்றி எழுதிவிட்டு வெளியூர் இளைஞர்கள் அறை எடுத்துத் தங்கும் மேன்ஷன்களை விட்டுவிட முடியாது. குடும்பத்தோடு பிறந்தநாள் கொண்டாட முடியாதவர்கள் சென்னையில் அதிகம் வாழும் இடங்களில் ஒன்று இது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், உதவி இயக்குநர்கள், மெடிக்கல் ரெப்புகள், வேலை தேடி வந்து இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். இவர்களுக்கு அம்மாவின் இடத்தில் இருப்பது மெஸ். அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கும் கூட்டம், சேப்பாக்கம் ஸ்டேடியத்தை ஒட்டிய சந்தில் 1961-லிருந்து மீன் குழம்புக்குப் பேர் போன நாயர் மெஸ். பிறந்தநாள் வந்தால் அறைத் தோழர்கள் விடமாட்டார்கள்: ‘ட்ரீட் எங்கடா?’ மாதக் கடைசியானால் டீயும் சமோசாவும், முதல் வாரமானால் பிரியாணி. மத்தியானம் பிறந்தநாள்காரன் இலை முன்னால் உட்கார்ந்தபடி ஊருக்கு வீடியோ கால் போடுவான். தேனியிலோ திருவாரூரிலோ அம்மா கேட்கிற முதல் கேள்வி ‘சாப்பிட்டியா, என்ன சாப்பாடு?’ அவன் போனை இலைப் பக்கம் திருப்பிக் காட்டுவான். சாம்பார், ரசம், பொரியல், அப்பளம். ‘பாயசம் இல்லையா?’ என்பார் அம்மா. வேலை கிடைத்ததும் இவர்களில் பலரும் முதலில் செய்வது அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்து ஒரு நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிப்போவதுதான். அங்கே அந்த அம்மாக்கள் மெனு கார்டில் முதலில் படிப்பது வலது பக்கத்து விலைகளை. ‘ஒரு தோசைக்கு இவ்வளவா, வீட்டுல ஒரு வாரத்துக்கு மாவரைச்சிடலாமே’ என்பார்கள். அதைக் கேட்க அந்தப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் காத்திருந்திருப்பார்கள்.

அம்மா உட்கார வேண்டுமென்றால் வேறு யாரோ நிற்க வேண்டியிருக்கிறது. இதையும் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. ஒரு காலத்தில் சென்னை ஹோட்டல்களில் தட்டு எடுத்தவர்கள் உடுப்பியிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்த பையன்கள். இன்று அசாம், ஒடிசா, நேபாளம் என்று இன்னும் தொலைவிலிருந்து வருகிறார்கள். தமிழில் அவர்கள் முதலில் கற்பது ‘அண்ணா, என்ன வேணும்’. பிறந்தநாள் மேசைக்குப் பாட்டுப் பாடிக் கை தட்டுகிற அவர்களின் வீட்டுப் பிறந்தநாட்கள் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அவர்கள் இல்லாமல் நடக்கின்றன. துணிக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்று கால் வீங்குவதைப் பார்த்து, கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் பரிமாறுகிறவருக்கு மேசைகள் நிரம்பியிருக்கும்வரை உட்கார நேரமே வராது. மதிய விருந்து ஓய்ந்து, ஹால் காலியானால்தான் அவர்களுக்குச் சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமை கேக் வெட்டி, போட்டோ எடுத்து, மறுபடி ஒரு ரவுண்ட் ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் பேசிக்கொண்டே இருப்பது சுகம்தான். ஆனால் மூன்று மணிக்கு எழுந்துகொண்டால் அவர்களும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்; மிச்சப் பேச்சை மெரினா மணலில் வைத்துக்கொள்ளலாம். அங்கே யாரும் மேசையைத் துடைக்கக் காத்திருப்பதில்லை, பையன் ஓடி விளையாடவும் இடம் இருக்கிறது. அம்மாவுக்கு வீட்டுக்குப் போய் ராத்திரிச் சமையல் என்ற கவலை வேண்டாம். வரும் வழியில் ரத்னா கபேயில் இட்லி பார்சல் வாங்கிவிடலாம், சாம்பாரைக் கொஞ்சம் தாராளமாகக் கட்டச் சொல்லி.